ஆறு

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகுதான் விழும்.
கச்சான் காற்று கூரைத் தகரத்தைச் சுட்டுவிட்டு
உட்துறைமுக வீதிப் பட்டறைக்குள் நுழையும் நேரம்,
மூதூர் ட்ரோலர் ஒன்றின் சாஃப்ட்
சக்கில் பாதி கடைந்தபடி நின்றுவிடும்.
ட்ரைவின் சிவப்புக் கண்ணாடிக்குள்
ஒற்றை இலக்கம்: ஆறு.

ஆறு என்றால் மிகை வோல்ட்.
புத்தகம் அப்படித்தான் சொல்கிறது,
முப்பத்தேழு வயது யந்திரத்தின் அட்டை போன புத்தகம்.
ரொசாரியன் நம்பினார்.
நம்பி, கொழும்பிலிருந்து கெப்பாசிட்டர் இறக்கினார்.
பழையவற்றின் தலை வீங்கியிருந்ததும் உண்மைதான்.
மாற்றிய மறுநாள் இரண்டே காலுக்கு
மறுபடி ஆறு.

மிச்சமிருந்தது மதிலுக்கு அப்பால் ஐஸ் பெக்டரி.
அங்கே கொம்பிரசர் கிளம்பும்போதெல்லாம்
இங்கே விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும்.
போதாதா?
"உன்ட மோட்டர்தான் என்ட மெஷினைத் தின்னுது" என்று
ரொசாரியன் மதிலேறிக் கத்தியதும்
நிஸ்தார் மின்சார சபைக் கடிதத்தை விசிறிபோல ஆட்டியதும்
எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்ன கதை.
ஏப்ரலிலிருந்து பேச்சில்லை.

நான் போனது ஜூலையில்.
இரண்டு குண்டு பல்பைத் தொடராகக் கட்டி
ஐந்நூறு வோல்ட்டை வடித்தேன்.
மஞ்சளாய் எரிந்து, சிவந்து, நூலாகி, இல்லாமல் போயிற்று.
அதற்குப் பிறகுதான் கை வைப்பேன்.
டயோட் பாலம் சரி. பிரேக் ரெசிஸ்டர் சரி.
மூடி மின்னைப் போட்டு மீட்டரை மாட்டினேன்:
ஐஸ் மோட்டர் கிளம்பியபோது
நுளம்பு கடித்த அளவு நடுக்கம்.
இதற்கா ஆறு?

நாலாவது தடவை மெயினைப் போடும்போது கண்டேன்.
உயிர் வரும் முதல் நொடியில்
இலக்கப் பெட்டி தன் ஏழு கோடுகளையும்
ஒருமுறை கொளுத்திப் பார்த்துக்கொள்ளும்.
ஏழும் எரிந்தால் எட்டு.
எனக்குத் தெரிந்தது ஆறு.

வலது மேற்கோடு செத்திருக்கிறது.
மூன்று மாதமாக எட்டு எட்டு என்று அலறியிருக்கிறது
பல்லுப்போன வாயால்.

எட்டு: வேகம் சொல்லும் டக்கோவின் குரல் அறுந்தது.

லென்ஸ் வைத்தேன். கனெக்டரின் மூன்றாம் காலைச் சுற்றி
ஈயத்தில் ஒரு வட்ட வெடிப்பு,
நகக்கண் அழுக்கு மாதிரி.
சூட்டில் பிரியும், குளிரில் கூடும்.
ஊகம்தான். காட்ட வேண்டும்.
குளிர் ஸ்ப்ரே கொழும்பில் கிடைக்கும்,
திருமலையில் கிடைக்காது.

"ஐஸ் வேணும்" என்றேன்.

ரொசாரியன் மதிலைப் பார்த்தார்.
கை எண்ணெயைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.
பையனை அனுப்புவார் என்று நினைத்தேன்.
சாக்கை எடுத்துக்கொண்டு வீதியால் சுற்றிப் போனார்.
பக்கத்து வளவுதான். வர இருபத்தைந்து நிமிடம்.

வரும்போது சாக்கு வெறுமையாய்த் தோளில் கிடந்தது.
பின்னால் வாளியோடு நிஸ்தார்,
உள்ளே வராமல் எட்டிப் பார்த்துக்கொண்டு.

பாரை மீன் வாசம் அடித்த ஐஸை
சொப்பிங் பையில் இறுக்கிக் கட்டி
அட்டையின் அந்த மூலையில் சாய்த்தேன்.
இரண்டு பத்து. இரண்டரை. மூன்று.
சாஃப்ட் சுற்றியது. எஃகு சுருள் சுருளாய் விழுந்தது.
பையை எடுத்தேன்.
நாலு நிமிடம்.
ஆறு.

"எட்டு" என்றார் நிஸ்தார், வாசலில் இருந்து.
ரொசாரியன் சிரிக்கவில்லை.

பழைய ஈயத்தை உறிஞ்சிப் புதிது வைத்தேன்,
அந்தக் காலுக்கும், நம்பமுடியாத
பக்கத்துக் கால்கள் பதினொன்றுக்கும்.
ஆறும்வரை ஊதாமல் இருந்தேன்.
இலக்கப் பெட்டிக்கு மாற்று இல்லை, ஆகவே
மூடியில் மார்க்கரால் எழுதினேன்:
ஆறு எட்டாகவும் இருக்கலாம்.
ஐந்து ஒன்பதாகவும் இருக்கலாம்.
முதலில் மெயினைப் போட்டுக் கண்ணைச் சோதி.

வெளிக்கிடும்போது ஐந்து மணி.
நிஸ்தார் வாளியை விட்டுவிட்டுப் போயிருந்தார்.
உருகிய தண்ணீரில் ஒரு செதில்.
காலால் ஓரமாய் நகர்த்திவிட்டு
கருவிப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டினேன்.