ஆறு மீட்டரில் முப்பத்தெட்டு நிமிடம்

நீரோட்டத்தை அளக்கப் போட்ட கருவியை
நீரோட்டமே இழுத்துப்போய்விட்டது.
தேட இரண்டு பேர் வேண்டும் என்றார்கள்.
நானும் சியூ லெங்கும்.

செயின்ட் ஜான் தீவுக்குத் தெற்கே
கடல் மூச்சுப் பிடித்து நிற்பது
இன்று இருபத்திரண்டு நிமிடம்தான் என்றது ஓதப் பட்டியல்.
அதற்குள் அறுபத்தொரு மீட்டர் இறங்கி,
துழாவி,
திரும்பக் கயிற்றைப் பிடிக்க வேண்டும்.
“கடைசி பஸ்ஸுக்கு ஓடுற மாதிரிதான்” என்றார் படகோட்டி ஜைலானி.
அவருக்கு நீந்தத் தெரியாது.

பத்து மீட்டர் வரை பச்சை.
பிறகு கோப்பி.
பிறகு கோப்பி-ஓ.
பிறகு எந்தக் கடையிலும் விற்காத ஒரு கறுப்பு.
நீட்டிய கை
மணிக்கட்டோடு முடிந்துபோனது.

தலைக்கு மேலே கப்பல்கள்.
தண்ணீருக்குள் ஓசைக்குத் திசை கிடையாது.
ஒவ்வொரு கப்பலும்
என் நெஞ்செலும்புக்குள்ளிருந்தே புறப்பட்டது.

விளக்கால் ஒரு வட்டம் வரைந்தேன்: நலமா?
பதில் வட்டம் இல்லை.
இன்னொன்று வரைந்தேன்.
மூச்சை எண்ணினேன்,
எண்ணினால் செலவு கூடும் என்று தெரிந்தே.
ஒன்பதாவது மூச்சில்
முதுகுப் பக்கமிருந்து வந்தது அது,
கோணலாய், நசுங்கிய முட்டை மாதிரி.
வட்டம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கருவி இல்லை.
நேரமும் இல்லை.

இறங்குவது இலவசம்.
அடியில் கழித்த பதினாறு நிமிடத்தை
இரத்தம் கடனாக எழுதிவைத்திருக்கிறது,
தவணையில்தான் அடைக்கவேண்டும்:
இருபத்தொரு மீட்டரில் இரண்டு நிமிடம்,
பன்னிரண்டில் ஏழு,
ஒன்பதில் பதினொன்று,
ஆறில் முப்பத்தெட்டு.
மொத்தமாகக் கட்டிவிட்டுப் போகிறேன் என்றால்
இந்த வங்கி முதுகெலும்பை ஜப்தி செய்யும்.

நீர் அதற்குள் திரும்பிவிட்டது.
ஆரஞ்சு மிதவைக்குக் கீழே
பத்தாவது மாடி மூங்கில் கழியில்
யாரோ எடுக்க மறந்த இரண்டு சட்டைகளாய்த் தொங்கினோம்.
எங்கோ போய்க்கொண்டிருந்தோம்.
போவது தெரியவில்லை.
கூடவே தண்ணீரும் வந்தால்
எல்லாம் நிற்பதுபோலத்தான் இருக்கும்.
கிழிந்த பிளாஸ்டிக் பை ஒன்று
என் முகத்துக்கு முன்னால் இருபது நிமிடம்
பக்கத்து வீட்டுக்காரரைப் போல நின்றது.

குளிர்.
மேலே ஊரே வியர்த்துக்கொண்டிருக்கும் மதியம்,
இருபத்தொன்பது டிகிரி கடல்,
எனக்குப் பல் அடித்துக்கொண்டது.
அடியில் மூச்சிழுத்த ஹீலியம்
போகும்போது சூட்டையும் கையோடு எடுத்துப்போய்விடுகிறது;
மிச்சத்தைத் தண்ணீர்
அவசரமில்லாமல் உரிந்துகொள்கிறது.
வெளியில் சொன்னால் நம்பமாட்டார்கள்.
தஞ்சோங் பகாரில் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே
மேசை கிடைத்தவர்கள் வேண்டுமானால் நம்பலாம்.

சியூ லெங் பலகையில் எழுதிக் காட்டினாள்:
வலை. அறுத்தேன்.
அவ்வளவுதான்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவள் இடது கையுறையில்
இரண்டு விரல் நுனிகள் இல்லை.
உள்ளே விரல்கள் இருந்தன,
வெளுத்து, ஊறி, முழுசாய்.
எழுதியதை அழித்துவிட்டு
27 என்று போட்டாள்.
மீதி நிமிடம்.

நான் எழுத ஒன்றும் தோன்றவில்லை.
பலகையை வாங்கி
ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்.
சரியான வட்டம்.
அவள் பார்த்தாள், திருப்பித் தரவில்லை.

மேலே வந்ததும் வெயில் அறைந்தது.
“கிடைச்சுதா?”
இடுப்பு வளையத்திலிருந்து கழற்றி நீட்டினாள்.
ரைஸ் குக்கர் மூடி.
ஏதோ ஒரு கப்பலின் இரவுச் சோறு.
ஜைலானி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
குற்றம் சொல்ல இடம் தேடுகிறவர் மாதிரி.

பிறகு திரையைக் காட்டினார்.
மிதவையின் பின்னாலேயே படகு ஊர்ந்து வந்த கோடு:
ஒன்றே முக்கால் கடல்மைல், வடகிழக்கே,
நடுவில் ஒரு சின்ன வளைவு,
அங்கே வேகம் கொஞ்சம் கூடுதல்.
கருவி இருந்திருந்தால்
அதுவும் இதைத்தான் எழுதியிருக்கும்.

இரண்டு துண்டு போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.
மைலோ பாதி தம்ளரிலும் பாதி தொடையிலும்.
ஜைலானி மூடியை வாளிமேல் வைத்துப் பார்த்தார்.
பொருந்தவில்லை.
“இருக்கட்டும்” என்றார்.