கிளாத்தி

கொளத்தூர் கடையில் ஜெயசீலன் உத்தரவாதம் தரவில்லை.
"சிலது ரெண்டு வருஷம் சாதுவா இருக்கும் சார்,
ஒருநாள் காலையில பாத்தா
தொட்டியில அது மட்டும்தான் இருக்கும்."
சொல்லிக்கொண்டே பையில் காற்றடைத்து
ரப்பர் பேண்டு போட்டான்.

கல்மண்டபம் வரை மடியிலேயே வந்தது.
உள்ளங்கை அகலம். பல் மட்டும் நம்மைப் போல.

இறக்குமுன் கல்லையெல்லாம் கலைத்து அடுக்கினேன்.
பழைய குடித்தனங்கள் எதற்கும்
இது என் மூலை என்ற நினைப்பு இருக்கக்கூடாதாம்.
போர்வை உருவப்பட்ட பிள்ளைகளாய்
முழித்தன கோமாளி மீன்கள் இரண்டும்.

"காசிமேட்டுல தோலுரிச்சு கூறுகட்டி விக்கிறோம்,
நீ என்னடான்னா காசு குடுத்து
உப்புத்தண்ணி ஊத்தி வளக்குற"
என்கிறாள் கீழ்வீட்டு ஃபுளோரா.
அவள் தம்பி விரலைக் கடித்தது இதே ஜாதிதானாம்.

எண்ணுகிறேன்.
பல் தேய்ப்பதற்கு முன்,
ஷிஃப்ட் முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாமல்.
மீன் ஏழு. இறால் ஒன்று.

செவ்வாய்க்கிழமை இறாலைக் காணோம்.
கூடு மட்டும் மிதந்தது, முழுசாக, மீசையோடு.
கண்ணாடியைத் தட்டித் தட்டித் திட்டினேன்
வாய்க்கு வந்த எல்லாம்.

வியாழனன்று கல்லிடுக்கிலிருந்து
புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தது இறால்.

கிளாத்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மட்டி கூடுதலாகப் போட்டேன்.

நேற்றிரவு கரண்ட் போனது.
பேட்டரி மோட்டார் இரைய,
செல்போன் வெளிச்சத்தில் தேடினேன்.
பொந்துக்குள் முதுகுமுள்ளை நிமிர்த்தி
உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு
ஒருக்களித்துப் படுத்திருந்தது.

யாருக்கு இந்தத் தாழ்?

வெளிச்சத்தை அணைக்குமுன்
இன்னொரு தடவை எண்ணிக்கொண்டேன்.