பிஸ்கட் டப்பாவில் ஆறு சீட்டுகள்

படகு வராத ஞாயிறில் போதகரும் இல்லை.
ஃபாரோ தீவுகளில் குளிர்காலத்துச் சட்டம் அது.
அன்று மேடையில் நின்று வாசிப்பவன் நான்,
ஹானுஸ், வாரமெல்லாம்
மீன் ஆலையில் சால்மனுக்கு முள் எடுப்பவன்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
வேதத்தின் தாள் ஓரங்களில் என் விரல் வாசம்.

கதவருகே ஒரு பிஸ்கட் டப்பா, மூடியில் துளை.
கேட்க வெட்கமாயிருப்பதை எழுதிப் போடுங்கள்,
பெயர் வேண்டாம் என்றிருந்தார் போதகர்.
நகரத்துக்காரர், பாவம்.
முப்பத்தெட்டுப் பேர் வாழும் ஊரில்
கையெழுத்தை மிஞ்சிய பெயர் ஏது?

முதல் சீட்டு பென்சிலில்.
செத்துப்போன நாய் பரலோகம் போகுமா?
ரேயினின் கடைசிப் பையன்.
தெரியாதடா, வேதமும் சொல்லவில்லை என்றேன்.
ஆனால் ஒரு குருவி தரையில் விழுந்தாலும்
கணக்கு வைக்கிறவர் ஒருவர் அதில் இருக்கிறார்.
உன் நாய் குருவியைவிடப் பெரியதுதானே?
பூட்ஸ் கால்களை ஆட்டியபடி யோசித்தான்.
நிறையப் பெரிசு என்றான்.

இரண்டாவதில் எழுத்துகள் வட்ட வட்டமாய்.
கடலோடு போனவனுக்குக் கல்லறை இல்லையே,
எழுப்பும் நாளில் எங்கே தேடுவார்?
ஓலுவாவின் பக்கம் யாரும் திரும்பவில்லை.
கடைசிப் பக்கங்களைப் புரட்டிச் சொன்னேன்:
அங்கே கடல் வருகிறது,
தன்னிடம் இருக்கும் செத்தவர்களையெல்லாம்
திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது,
வாங்கின கடனைப் போல.
அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி போட்டாள்.

மூன்றாவது:
ஜெபித்தேன், கட்டி கரையவில்லை.
விசுவாசம் போதவில்லையா?
சுனேவா டீச்சரின் கையெழுத்து.
எங்கள் எல்லோருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தது.
இல்லை என்றேன்,
நினைத்ததைவிடச் சத்தமாய்.
சாம்பலில் உட்கார்ந்திருந்தானே ஒரு மனுஷன்,
அவனிடமும் சிநேகிதர்கள் இதைத்தான் சொன்னார்கள்,
உன்னிடம் ஏதோ குறை என்று.
முடிவில் கடவுள் கோபப்பட்டது
அந்தச் சிநேகிதர்கள் மேல்.
ஏன் கரையவில்லை என்பதற்கு
அவனுக்கும் பதில் கிடைக்கவில்லை, டீச்சர்.
(டீச்சர் என்று சொல்லியிருக்கக் கூடாது.)

நாளைக்காகக் கவலைப்படாதே என்கிறீர்களே,
வங்கிக்கு அது தெரியுமா?
இது நாலாவது. எல்லோரும் சிரித்தார்கள்,
எழுதினவன் எல்லோரையும்விடச் சத்தமாய்.
எறும்பிடம் போய்ப் படி என்பதும் இதே வேதம்தான்,
இரண்டுக்கும் நடுவில் நின்று
வைக்கோல் கட்டுகிறோம் என்றேன்.

ஐந்தாவது சீட்டில் எழுத்தே இல்லை.
நாலாய் மடித்த வெள்ளைத் தாள்.
அதையும் வாசித்தேன்.
அதாவது, கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஆறாவது இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.
ஒரே பெஞ்சில் என் முழங்கை இடித்து இடித்துச்
சாய்ந்துபோன எழுத்து.
தம்பி மேல் மனத்தாங்கல் உள்ளவன்
எங்கே உட்காருவது,
அந்தத் தம்பியே மேடையில் நின்றால்?

அப்பா போனபின் மலைச்சரிவைப் பங்கு பிரித்தோம்.
பதினோரு ஆடு மேயும் புல்.
கல்வேலியை நான்தான் நகர்த்தினேன், இருட்டில்.
நாலு வருஷமாய் ஹைனி ஆலயத்துக்கு வருவதில்லை.
ஆளில்லாத வாரநாளில் வந்து
இதைப் போட்டிருக்கிறான்.

இதற்கான பக்கம் எனக்குத் தெரியும்.
காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு
முதலில் போ என்கிற பக்கம்.
அந்த 'முதலில்' வரும்போதெல்லாம்
வேகமாய் வாசித்துத் தாண்டியிருக்கிறேன்.

ஏதாவது பாடிக்கொண்டிருங்கள் என்று சொல்லி
கோட்டை எடுத்தேன்.
காற்று ஆலயக் கதவைப் பிடுங்கிக்கொண்டது.
முந்நூறு அடி தூரம்,
பாட்டு விட்டுவிட்டு என் பின்னால் வந்தது.

கையில் கத்தியும் பாதி சீவின கிழங்குமாய்
கதவைத் திறந்தான்.
ஆராதனை முடிந்துவிட்டதா?
இல்லை, காத்திருக்கிறார்கள்.
வேலி விஷயம், என்று தொடங்கினேன்.
அடுப்பைத் திரும்பிப் பார்த்தான்.
தண்ணீர் கொதிக்கிறது,
இந்தக் கிழங்கைப் போட்டுவிட்டு வருகிறேன் என்றான்.

என்னோடு வருகிறானா,
கதவுக்குத்தான் வருகிறானா, சொல்லவில்லை.
நான் பூட்ஸோடு நின்றேன்.