பேசுபவர் மூன்று

ஐந்து ரோடு ரவுண்டானா. பேக்கரிக்கு மேலே மாடி.
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
காலடியில் ஒரு மிதிகட்டை,
மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும்
காதுக்குள் யாரோ ஒருவரின் குரல்.

வழக்கமாக வருவது பாகப்பிரிவினை, கோர்ட்டு வாக்குமூலம்.
இந்த மாதம் உயிரியல்காரர்களின் பேட்டி.
கேள்வி கேட்பவர் யாரென்று தெரியாது,
அவர் இருமல் மட்டும் பழகிவிட்டது.
அவர் பேசுபவர் ஒன்று.

முதல் கோப்பில் ஜெசிந்தா.
பிலிகுண்டுலு பக்கம் காவிரிப் பாறைகளில்
நீர்நாயின் எச்சம் பொறுக்குகிறவர்.
கழுவி, உலர்த்தி, சல்லடையில் சலித்து
மீன் செதில்களை எண்ணுவாராம்.
"முதல்ல நாத்தம் தாங்காது.
இப்போ அந்த நாத்தம் இல்லாத பாறைய பார்த்தா
வயித்த கலக்குது."
மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டு
கீழே போய் ஒரு டீ குடித்தேன்.

அடுத்து மாதப்பன்.
சந்தூர் மாந்தோப்பில், தை மாதம் முழுக்க,
விடியலிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு
ஒரே பூங்கொத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.
எந்தப் பூவில் எந்த ஈ, எத்தனை நொடி.
"தேனீ கொஞ்சந்தாங்க. மத்ததெல்லாம் ஈ.
நீங்க கையால விரட்டுறீங்களே, அந்த வகையறா."
தோப்புக்காரர்கள் வைத்த பெயர்
ஈ ஓட்டுற வாத்தியார்.
சிரிக்கிறார். இவரும் இருமிக்கொண்டே சிரிக்கிறார்.
வேலையில்லாத நாளில் நாங்களும்
இந்த மாடியில் அதைத்தான் செய்கிறோம் என்று
தட்டச்ச ஆசையாயிருந்தது.
மருந்தடிக்கும் நாளில் என்ன செய்வீர்கள் என்றதற்கு
"ஸ்டூல எடுத்துட்டு வந்துடுவேன்" என்றார்.
அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

சும்மா ஒரு தேடல் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு பேட்டியிலும் சேர்த்து
'தெரியாது' நாற்பத்தொரு இடத்தில்.
தாலுகா ஆபீசில் கேட்டிருக்கிறேன் அந்தச் சொல்லை,
ஜன்னல் சாத்துகிற சத்தத்தோடு வரும்.
இவர்கள் சொல்லும்போது
யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டு
உள்ளே போகிற மாதிரி இருக்கிறது.

மூன்றாவது கோப்பு, இரவுப் பதிவு.
அந்தம்மா பெயரைச் சொன்னபோது காற்று அடித்துவிட்டது.
அஞ்செட்டி மலையில் ஏதோ மூங்கில் பள்ளம்.
கட்டைவிரல் நகத்தளவு தவளை,
மூன்று மழைக்காலமாகத் தேடுகிறாராம்.
இருமல்காரர் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார்:
"இதனால ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

"கொஞ்சம் இருங்க."

பதினான்கு நொடி.

எங்கோ லாரி மேடு ஏறுகிறது.
ஒரு சட்டைக் கை உரசுகிறது.
இருமல் வர, அதை விழுங்குகிறார்.
பிறகு, ரொம்பக் கிட்டத்தில்,
பேனா மூடியைத் திறந்த மாதிரி ஒரு சத்தம்.
இன்னொன்று.

"கேட்டீங்களா?"
அந்தம்மாவின் குரல் நடுங்குகிறது.
கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை.
அவரும் மறுபடி கேட்கவில்லை.

எட்டுத் தடவை பின்னால் ஓட்டினேன்.
டிக். டொக். க்ளிக்.
இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில்
ஒன்றும் ஒட்டவில்லை.
மௌனத்தை வெட்டிவிடு என்பது கடையின் விதி.
புரியாத இடத்துக்கு
ஒரே வழிதான் உண்டு. அதைப் போட்டேன்:

பேசுபவர் 3: [தெளிவில்லை]
பேசுபவர் 3: [தெளிவில்லை]

சாயங்காலம் தீர்த்தகிரி அண்ணன் தாளைப் புரட்டினார்.
"ஏம்மா, ரெண்டு பேருதானே?
இது யாரு?"

சொன்னேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார்.
காலால் மிதித்தார்.
விட்டார். மறுபடி மிதித்தார்.
கீழே பன் வேகிற வாசம்.
சேலம் பஸ்காரன் ஊரைக் கூவுகிறான்.

"இருக்கட்டும்" என்றார் கழற்றிக்கொண்டே.
"ஆனா அரைப் பக்கத்துக்கு
முழுக் காசு கேக்காதே."