எழுத்தளவு பதினொன்று

சனி இரவு பதினொன்றரைக்குப்
போதகரின் குறுஞ்செய்தி:
"நாளை நன்றி ஞாயிறு.
ஊழியம் செய்கிற எல்லார் பெயரும்
ஒரே திரையில் வரட்டும், தம்பி.
ஒருவரும் விடுபட வேண்டாம்."

ஒரே திரை.
எழுத்தளவு நாற்பதில் தொடங்கினேன்.
வாகன நிறுத்துமிடத்தில்
மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடையோடு நிற்கும் தனசீலன்.
எட்டு மணிக்கே வந்து
ஒலிவாங்கிகளுக்கு மின்கலம் மாற்றும் கிங்ஸ்டன்.
சரக்கு மின்தூக்கியின் பொத்தானை
விடாமல் அழுத்திப் பிடித்துச்
சக்கர நாற்காலிகளை மேலே கொண்டுவரும்
உயர்நிலை இரண்டு மாணவன் நேசன்.
முப்பத்திரண்டுக்கு இறங்கியது.

ஞாயிறு பள்ளியில் பசை காய்ந்த விரல்களோடு
வீடு திரும்பும் ரூபி டீச்சர்.
ஜோஷுவாக்கள் மூன்று பேர்,
அப்பா பெயரின் முதலெழுத்தும் வேண்டும்.
இருபத்து நான்கு.

சமையல் அணி ஏறியதும் பதினாறு.
எப்சிபா அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்:
"பாத்திரம் கழுவுறதுக்கெல்லாம் பேரா?
என்னைப் போடாதே."
போட்டேன். தடித்த எழுத்தில்.
பிறகு அவர் முகத்தை நினைத்துச்
சாதாரணமாக்கினேன்.

ஒரு மணிக்கு முடிந்தபோது
எழுத்தளவு பதினொன்று.
என் பெயரைப் போடவில்லை.
அடக்கமெல்லாம் இல்லை,
இடம் இல்லை.

காக்கி புக்கிட், தொழிற்கூடக் கட்டடம், ஐந்தாம் மாடி.
கீழே டயர் கடை ஞாயிறும் திறந்திருக்கும்.
காணிக்கைப் பாட்டு முடிந்தது.
போதகர் சொன்னார்:
"கைகொடுத்த அனைவரும் முன்னே வாருங்கள்."

வந்தார்கள்.
முன் வரிசை எழுந்தது, நடு வரிசை எழுந்தது,
கதவைப் பிடித்திருந்தவர் கதவை விட்டார்.
குளிர்காற்று நடைவழிக்கு ஓடியது.
தனசீலன் குடையை மடக்க மறந்து
அப்படியே கொண்டுவந்தார்.
ஜோஷுவாக்களில் ஒருவன்
என்னையும் மேசையிலிருந்து இழுத்துப்போனான்.

மேடையிலிருந்து எண்ணினேன்:
நாற்காலிகளில் மிச்சம் பதினொரு பேர்,
ஒரு கைக்குழந்தை.

போதகர் ஜெபிக்கத் தொடங்கினார்.
"ஆண்டவரே, இந்தக் கைகளை..."
அதோடு வாய் மட்டும் அசைந்தது.
மின்கலம்.
கிங்ஸ்டன் கழுத்துப்பட்டையோடு மேடையில் நின்று
ஒலிமேசையைப் பார்த்தான்,
அக்கரையில் நிற்கும் படகைப் பார்ப்பதுபோல.
தொட யாருமில்லாத கணினி
தூங்கிப்போனது.
பதினொன்றில் இருந்த பெயர்கள் எல்லாம் இருண்டன.
(யாராலும் படிக்க முடிந்திருக்காது என்பது வேறு.)

முதலில் எப்சிபா அக்காவின் மூக்கு விடைத்தது.
பருப்பு.
"அசையாதீங்க, இன்னும் ஒரு படம்" என்றார் படம் எடுப்பவர்.
அக்கா அசையவில்லை,
கண் மட்டும் சமையலறைக்குப் போய்விட்டது.

அப்போதுதான்
பதினொரு பேரில் ஒருவர் எழுந்தார்.
கடைசி வரிசை, நீலச் சட்டை,
கழுத்தில் தங்குவிடுதி அட்டை.
அன்றுதான் முதல்முறை வந்தவர்,
வரவேற்பு மேசையில்
யாரும் இல்லாத நேரத்தில் நுழைந்தவர்.
யாரிடமும் வழி கேட்கவில்லை,
வாசனை வழி சொன்னது.
மூடி விழும் சத்தம்.
அடுப்பு அணையும் சத்தம்.
போதகர் வெறும் குரலில்
"ஆமென்" என்றார்.
அது கடைசி வரிசைவரை கேட்டது.

மதியம் பருப்பில் லேசாகப் புகை நெடி.
இருநூறு பேரும் சாப்பிட்டோம்,
ஒருவரும் சொல்லவில்லை.
அவர் இன்னும் கரண்டியோடு நின்றார்.
பெயர் கேட்டேன், பட்டியலில் சேர்க்க.
"பொன்சிங். எதுக்கு சார்?
அடிதான் பிடிச்சிருந்துச்சு,
மேலாக எடுத்து வேற சட்டிக்கு மாத்திட்டேன்."

அடுத்த ஆண்டு பத்தரை ஆக்க வேண்டும்
என்று நினைத்துக்கொண்டே தட்டை வைக்கப் போனேன்.
தொட்டிக்குள் கருகிய பெரிய சட்டி.
எப்சிபா அக்கா ரப்பர் கையுறையில் ஒன்றைக் கழற்றி
அவரிடம் நீட்டினார்.
ஒன்று மட்டும்.
மற்றது அக்காவின் கையில்.