பாக்கி முந்நூற்று நாற்பது

முகாம் முடிந்து ஒன்பதாம் நாள்
கணக்கை முடிக்க உட்கார்ந்தோம்,
ராயக்கோட்டை மின்வாரிய அலுவலகத்தின் பின்னறையில்,
நானும் தில்ஷாத்தும்
ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகளும்.

நாற்பது பேர் என்று எழுதி வைத்திருந்தோம்.
வந்தது ஐம்பத்து மூன்று.
அஞ்செட்டி பஸ்ஸிலிருந்து இறங்கிய பதின்மூன்று பேரும்
எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள்.
திருப்பி அனுப்ப அடுத்த பஸ் இல்லை. அதனால்
நல்லவர்களானோம்.

பூட்டு ஒன்று, நூற்று எண்பது.
பெண்பிள்ளைகளின் கழிப்பறைச் சாவியோடு
வாட்ச்மேன் பாலக்கோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.
சுருதி, தாளம், மூச்சுப் பயிற்சி என்று
மூன்று மாதம் கூட்டம் போட்டவர்கள் நாங்கள்.
சாவியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
தில்ஷாத் கருங்கல்லைத் தூக்கினாள். இரண்டே அடி.
முகாமில் தாளம் தப்பாமல் விழுந்த முதல் சத்தம்.

ராகி மாவு, பதினெட்டுக் கிலோ.
ஓசூரிலிருந்து வந்த ஸ்டான்லி சார்
களி தின்றால் குரல் எழும்பாது என்றார்.
நரசம்மா துடுப்பை நிறுத்தவில்லை.
"எழும்பலன்னா படுத்துக்கினு பாடட்டும்."
அந்த மார்கழிக் குளிரில்
இரண்டாவது உருண்டை கேட்டவர் அவர்தான்.

மேல்குரல், கீழ்க்குரல் என்று பிரித்தோம்.
மண்டியில் தக்காளி பிரிப்பது போல,
ஒரு 'சா' பாடச் சொல்லி, கேட்டு,
நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்.
கீழ்க்குரலுக்குப் போனவர்கள் முகத்தில்
இரண்டாந்தரக் கூடையில் விழுந்த வாட்டம்.
கெலமங்கலத்து ரத்னகலா மட்டும்
தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டு
தானாகவே அங்கே போய் நின்றாள்.
"இங்க நின்னாதான் சார்
மத்தவங்க பாடறது கேக்குது."

இரண்டாம் நாள் மாலை கரண்ட் போனது.
எங்கள் ஆபீஸ் வேலைதான், யாரைத் திட்ட?
இருட்டில் சிரித்துக்கொண்டே பாடினார்கள்,
பாட்டு படிபடியாய் இறங்கிக்கொண்டே போனது.
கரண்ட் வந்ததும்
ஜன்னலுக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் இரையத் தொடங்க
ஐம்பத்து மூன்று குரலும் மேலேறி அதில் ஒட்டிக்கொண்டன.
இரண்டு நாளாய்ப் பிள்ளைகள் பிடித்திருந்தது
கீபோர்டின் சுருதி அல்ல.
இருபது வருடமாய் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்குகிறேன்,
அது ஒரு 'சா' என்று எனக்குத் தெரியாது.

திம்மராயனை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
ஒன்பதாம் வகுப்பு. குரல் உடையும் பருவம்.
ஒரு வரியில் அப்பன், மறுவரியில் குழந்தை.
கடைசி நாள் காலை, நேரமில்லை,
தனியே கூப்பிட்டுச் சொன்னவன் நான்தான்:
"நீ வாயை மட்டும் அசை ராஜா."
தலையாட்டினான்.
ஏன் என்று கேட்கவில்லை.

மேடையில் அவனைப் போல் யாரும் பாடவில்லை.
கழுத்து நரம்பு புடைக்க, புருவம் ஏற,
மூச்செடுக்கும் இடத்தில் சரியாய் மூச்செடுத்து
ஒரு சொல் பிசகாமல்,
ஒரு சத்தம் இல்லாமல்.

அவன் அம்மா தக்காளி லோடு வண்டியில் வந்திருந்தாள்.
விலை விழுந்த நாள்.
பாதிக் கூடைகள் வண்டியிலேயே இருந்தன.
கேசரித் தட்டோடு என்னருகே வந்து,
"அத்தனை பேரு பாடியும் எம்பையன் குரலு மட்டும்
தனியா கேட்டுச்சுங்க சார்."
பின்னால் நின்றவன் என்னைப் பார்த்தான்.
நான் ஆமாம் என்றேன்.

தில்ஷாத் இரண்டு முறை கூட்டிவிட்டாள்.
பாக்கி முந்நூற்று நாற்பது.
அடுத்த வருடத்துக்கென்று தனியே ஒரு தாள் வைத்திருக்கிறாள்:
சாவி. கூடுதலாய்ப் பதின்மூன்று தட்டு. மிளகு.
கீழ்க்குரலை முதலில் பிரிக்கவும்.
"நீங்க எதுனா சேக்கணுமா?"

அஞ்செட்டிக்குப் போய்வர
பஸ் சார்ஜ் எவ்வளவு இருக்கும் என்கிறேன்.
யாரைப் பார்க்க என்று அவள் கேட்கவில்லை.
டப்பாவை மூடியபடி,
டிக்கெட்டைத் தொலைச்சிடாதீங்க என்கிறாள்.