பொறுப்பு ஒப்படைப்பு

வருகைப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் நீல மையில்.
என் பெயர் மட்டும் பென்சிலில்,
கடைசிக் கோட்டுக்கும் கீழே
தலைமையாசிரியர் ஸ்கேல் வைத்து இழுத்த
ஒரு கூடுதல் கோட்டில்.
"தப்பா நெனைக்காதீங்க டீச்சர், ஆடிட்ல கேப்பாங்க."
நான் தப்பாக நினைக்கவில்லை.
கொஞ்சம் அழுத்தி எழுதச் சொன்னேன்.

மூலனூருக்கு முன்னால் குன்னத்தூர்.
அதற்கும் முன்னால் வெள்ளகோவிலில் ஒரு தனியார் பள்ளி.
அசல் சான்றிதழை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு
ஏழாயிரம் கொடுத்தார்கள்.
கிளம்பும்போது அதை மீட்க
இரண்டு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டினேன்.
குன்னத்தூரில் பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளம்:
கழகத் தலைவர் கொப்பரை விற்ற மாதம் வரும்,
விலை இறங்கிய மாதம்
"அடுத்த மாசம் சேத்தி வாங்கிக்குங்க."

மே என்று ஒரு மாதம்
எங்கள் சம்பளக் கணக்கில் கிடையாது.
பால்காரர் கணக்கில் உண்டு.
ஆகவே மே முழுக்கத் திருப்பூரில்
பனியன் செக்கிங்.
கழுத்துப் பட்டியில் ஓட்டை, கையில் விட்டுப்போன தையல்,
எண்ணெய்க் கறை,
அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாய்ப் போட வேண்டும்.
போன வருஷம் லைனுக்கு வந்த சூப்பர்வைசர்
ஒளிச்சேர்க்கைச் சமன்பாடு எழுதத் தெரியாமல்
என் வகுப்புக்கு வெளியே நின்ற சென்னியப்பன்.
"டீச்சர், உக்காந்து பாருங்" என்று
ஸ்டூல் கொண்டுவந்து போட்டான்.
மற்ற பெண்களெல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள்.
உட்காரவும் முடியவில்லை,
வேண்டாமென்று சொல்லவும் முடியவில்லை.
சாயங்காலம் வரை அந்த ஸ்டூல்மேல்
என் சாப்பாட்டுப் பை இருந்தது.

தகுதித் தேர்வில் தேறியவள்தான்.
தேறிய பிறகு இன்னொரு தேர்வு என்றார்கள்,
பிறகு வழக்கு என்றார்கள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
லேமினேட் செய்த சான்றிதழின் ஓரம் பிரிந்து
மகளின் ரெக்கார்டு நோட்டுப் பசையால்
ஒட்டி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை, இரண்டாவது பீரியட்.
கலந்தாய்வு ஆணையும் ஒரு கிலோ மைசூர்பாகுமாய்
வந்து நின்றார் மயிலாத்தாள் டீச்சர்.
அவர் சேலையில் புது மடிப்பு கலையவில்லை.

படிவம் கேட்டது:
பீக்கர் பதினொன்று, விரிசல் ஒன்று.
சோதனைக் குழாய் நாற்பது.
நீல லிட்மஸ் மூன்று கட்டு,
சிவப்பு இல்லை.
கையெழுத்துப் போட்டேன்.

படிவம் கேட்காததை
வராந்தாவில் நின்று சொன்னேன்.
மூணாவது பெஞ்சு நிதர்சனாவுக்கு போர்டு தெரியாதுங்க,
கேட்டா தெரியுதுன்னுதான் சொல்லுவா.
முருங்கைக்காய் லோடு ஏத்தற அன்னிக்கு
கவினேசன் லேட்டாத்தான் வருவான்,
வெளியே நிறுத்தாதீங்க.
மில்லு லைன் வீட்டுப் பையன் பங்கஜ்,
கேள்வி புரியும், பதிலுக்குத் தமிழ் வரத்தான் நேரமாகும்.
அமிலமும் காரமும் பாதியில நிக்குதுங்க.
செவப்பு லிட்மஸ் தீர்ந்ததால
நாளைக்கு ஆளுக்கொரு செம்பருத்திப் பூ
கொண்டாரச் சொல்லியிருக்கேன்.
கொதிக்க வெச்சு வடிகட்டி
சுண்ணாம்புத் தண்ணி விட்டா பச்சையாகும்.
பசங்க பாத்ததில்லை.

"எத்தனை வருசமா இப்படி?"
"ஒன்பது."
"எனக்குப் பதினொண்ணுங்."
பிறகு இருவரும் கொஞ்ச நேரம்
மைதானத்துக்கு அப்பால் சுற்றிக்கொண்டிருந்த காற்றாலையைப் பார்த்தோம்.
அவர் பேனாவைத் திறந்து
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: செம்பருத்தி, 31.

தாராபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மடியில் மைசூர்பாகு, நெய் காகிதத்தில் ஊறிக்கொண்டிருந்தது.
சின்னக்கரை தாண்டுமுன் போன்.
ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பள்ளி, மகப்பேறு விடுப்பு,
ஒரு வருஷம் உறுதி, மே மாதம் தவிர.
"வர்றீங்களா டீச்சர்?"

பஸ் சத்தத்தில் குரலை உயர்த்திக் கேட்டேன்:
ஒன்பதாம் வகுப்புல
எந்தப் பாடம் வரைக்கும் நடத்தியிருக்காங்க?